பள்ளிச் செலவு

இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நிற்கக்கூட இடம் இருக்காது. 2019 ஜூன் மாதத்தில் அப்படி ஒரு காலை வேளை. ஈரக் குடைகளுக்கும் சாப்பாட்டுத் தூக்குகளுக்கும் நடுவே, ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நான் துணைக்குப் போனவள். எனக்கு முன்னால் ஓ.பி. சீட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள், சாஸ்தமங்கலத்தில் இருக்கும் என் சிநேகிதியின் வீட்டில் வேலை செய்பவள். மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமத்துப் பெண். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து பத்து வருஷமாகிவிட்டது. வயது முப்பத்தொன்று. இரண்டு குழந்தைகள். மூன்றாவதாக எட்டு வாரக் கர்ப்பம். அது வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், கருக்கலைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் பாராவிலேயே பெண்ணை அழவைத்துவிடுகிறார்கள்.

சீட்டை வாங்கிப் பார்த்த நர்ஸ், "பர்த்தாவு வந்நிட்டுண்டோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். "பின்னெ ஒப்பு ஆரு இடும்?" ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. புருஷன் கையெழுத்து இல்லாமல் நடக்காது, நாளைக்குக் கூட்டிக்கொண்டு வா.

எனக்குச் சட்டம் தெரியும் என்ற சின்ன அகம்பாவம் உண்டு. உள்ளே போய் டாக்டரிடம் பேசினேன். கருக்கலைப்புச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவன், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்று சொன்னேன். டாக்டர் இளம் வயதுப் பெண். காலையிலிருந்து எழுபது எண்பது பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சட்டம் எனக்கும் தெரியும் மேடம். நாளைக்கு அந்த ஆள் குடித்துவிட்டு வந்து, என் பெண்டாட்டியை என்ன செய்தீர்கள் என்று இந்த வாசலில் நின்று கத்தினால் யார் பதில் சொல்வது?" என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பிறகு அவரே, இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களே, இதோடு சேர்த்துப் பிரசவம் நிறுத்தும் ஆபரேஷனையும் செய்துகொண்டுவிடலாமே என்றார். ஆலோசனையாகத்தான் சொன்னார். ஆனால் வெளியே வந்ததும் நர்ஸ் அதை நிபந்தனையாக மாற்றிவிட்டார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்றால் சீக்கிரம் தேதி கிடைக்கும்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அவள் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். வேலை செய்வது நாலு வீடு. மாதம் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய். ஆபரேஷன் செய்துகொண்டால் குறைந்தது ஒரு வாரமாவது குனிந்து பெருக்க முடியாது, தண்ணீர் தூக்க முடியாது. நாலு வீட்டில் என் சிநேகிதி வீடு ஒன்றுதான் பத்து நாள் லீவு கொடுத்துச் சம்பளமும் பிடிக்காமல் இருக்கும். ஒரு வீட்டில் பாதிச் சம்பளம் பிடிப்பார்கள். மற்ற இரண்டில் நாலாம் நாளே வேறு ஆள் வந்துவிடுவாள். அதுவும் ஜூன் மாதம். கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம், குடை, பை, செருப்பு. "இப்ப முடியாதுக்கா. ஓணத்துக்கு வீட்டுக்காரங்க எல்லாரும் ஊருக்குப் போவாங்க. அப்பம் பாக்கலாம்" என்றாள். அவள் ஆபரேஷனுக்கு எதிரி அல்ல. தேதிதான் பிரச்னை.

கணவன் டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போகிறவன். ஒரு நாள் கூலி தொள்ளாயிரம் ரூபாய். கருவைக் கலைப்பதில் அவனுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர முடியாது, அது பெண்கள் காரியம். அவன் பக்கத்து நியாயம் இவ்வளவுதான். அவனை வில்லனாகச் சித்தரிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. சம்பாதிப்பதில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கிறவன் என்பதால் அவர்கள் தெருவில் அவனுக்கு நல்ல பெயர்.

மறு வாரம் ஒரு தனியார் கிளினிக்கில் காரியம் முடிந்தது. அங்கே யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. ஏழாயிரம் ரூபாய் கேட்டார்கள். என் சிநேகிதி தருகிறேன் என்றதற்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாயிரம் மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டாள். மீதி ஐயாயிரத்தை அவள் உறுப்பினராக இருக்கும் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடனாக எடுத்தாள். கடன் எதற்கு என்று புத்தகத்தில் எழுத வேண்டும். பள்ளிச் செலவு என்று எழுதினார்கள்.

இது நடந்தது கேரளத்தின் தலைநகரத்தில். பீகார் என்றோ ராஜஸ்தான் என்றோ சொல்லியிருந்தால் நாம் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். அதே நகரத்தின் உள்ளூர் பகுதியில், லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டிடங்களுக்குள், கே.என். ராஜ் 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. ஐ.நா.வுக்காக அந்த மையம் தயாரித்து 1975இல் வெளியான அறிக்கையிலிருந்துதான் 'கேரள மாடல்' என்ற பேச்சே கிளம்பியது. வருமானம் குறைவாக இருந்தும் எழுத்தறிவு, ஆயுள், பிறப்பு விகிதம் எல்லாவற்றிலும் பணக்கார நாடுகளைத் தொட்டுவிட்ட மாநிலம் என்று உலகம் வியந்தது. பெண் ஒருத்திக்குச் சராசரி இரண்டு குழந்தை என்ற நிலையைக் கேரளம் 1980களின் கடைசியிலேயே எட்டிவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) அது 1.8. என் சிநேகிதி வீட்டு வேலைக்காரப் பெண்ணும் அந்தப் புள்ளிவிவரத்தில் ஓர் எண். இரண்டோடு நிறுத்திக்கொண்டவள் என்ற கணக்கில் அவள் கேரளத்தின் வெற்றி. எப்படி நிறுத்தினாள், எத்தனை வீட்டுச் சம்பளத்தை இழந்து நிறுத்தினாள் என்பது அந்த எண்ணில் வராது.

அதே மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி, செங்கல் சூளை, கட்டிட வேலை, மீன் விற்பனை, கயிறு, வயல் வேலை என்று உழைக்கும் ஐந்து ஏழைப் பெண்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்து 1981இல் ஒரு புத்தகம் எழுதினார். கேரளத்தின் புகழைப் பாடும் கருத்தரங்குகளில் அந்தப் புத்தகத்தை அதிகம் பேர் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1970 நவம்பரில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு விசித்திரமான திருவிழா தொடங்கியது. எஸ். கிருஷ்ணகுமார் என்ற இளம் கலெக்டர் ஏற்பாடு செய்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். ஒரே மாதத்தில் 15,000க்கு மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டார்கள். 1971 ஜூலையில் நடந்த இரண்டாவது முகாமில் 60,000க்கும் மேல். பணம் கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள், பெண்களுக்குப் புடவை கொடுத்தார்கள். ஏழை மனிதனின் ஒரு மாதச் சம்பளத்தை நீட்டிவிட்டு அவனுடைய சம்மதம் என்று சொல்வது நியாயமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான். ஆனால் இன்று நினைத்துப் பார்க்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. பிள்ளை போதும் என்றால் அதற்கு ஆணும் மேஜையில் படுக்கலாம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் இந்த மாநிலத்தில் இருந்தது. எமர்ஜென்சிக் காலத்தில் வடக்கே நடந்த கட்டாய அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு வாசெக்டமி என்ற வார்த்தையையே எந்த அரசியல்வாதியும் உச்சரிக்கவில்லை. பாரம் முழுவதும் பெண்ணின் வயிற்றுக்கு மாறியது. 2019-21 ஆய்வின்படி கேரளத்தில் கல்யாணமான பெண்களில் சுமார் 47 சதவிகிதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. வயிற்றைத் திறக்கத் தேவையில்லாத, அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போக வைத்து சில நிமிஷங்களில் முடிந்து, அன்றே வீட்டுக்கு நடந்து போய்விடக்கூடிய ஆபரேஷன் அது.

எர்ணாகுளத்தின் இரண்டாவது முகாம் முடிந்த கையோடு, 1971 ஆகஸ்டில் டில்லியில் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் 1 முதல் அமல். இந்த இரண்டும் ஒரே கோடையில் நடந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே கவலை. சாந்திலால் ஷா கமிட்டி, கள்ளத்தனமான கருக்கலைப்பில் சாகும் பெண்களைப் பற்றி 1966இல் அறிக்கை கொடுத்தது உண்மை. ஆனாலும் அந்தக் காலத்தின் மூச்சு முழுவதும் ஜனத்தொகை. பெண்களின் இயக்கம் கேட்டு வாங்கிய சட்டம் அல்ல இது. அதனால்தானோ என்னவோ, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்தபோதே, ஊர்வலம் எதுவும் இல்லாமல் நமக்குக் கிடைத்துவிட்டது. என்ன கிடைத்தது என்று சட்டத்தைப் படித்தால்தான் தெரியும். 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருவைக் கலைப்பவரையும் கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் குற்றவாளியாக்கியது. 1971 சட்டம் அந்தக் குற்றத்துக்கு ஒரு விலக்கு. உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மன ஆரோக்கியத்துக்குக் கேடு, குழந்தைக்கு ஊனம், பலாத்காரம், கல்யாணமானவளுக்குக் கருத்தடை தவறிப்போனது என்ற காரணங்களில் ஒன்று இருப்பதாக டாக்டர் நினைத்தால் செய்யலாம். பெண் கேட்டால் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டத்தின் பெயர் பாரதிய நியாய சன்ஹிதா என்று மாறியது. 312, 88ஆம் பிரிவாகியது. குற்றம் குற்றமாகவே இருக்கிறது.

வளர்ச்சி ஆய்வு மையத்தின் வரலாற்று ஆய்வாளர் ஜே. தேவிகா, கேரளத்தில் குடும்பக் கட்டுப்பாடு பரவிய கதையைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார் (2008). சிறு குடும்பம் என்ற கருத்து இங்கே குடும்பத்தின் நன்மை என்றுதான் பிரசாரம் செய்யப்பட்டது, பெண்ணின் உடல்மீது அவளுக்குள்ள அதிகாரம் என்று அல்ல என்பது அவருடைய வாதத்தின் சாரம். நான் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. கர்ப்பத்தைக் கலைக்க எதிர்ப்பே இல்லை. டாக்டர் தயார், புருஷன் தயார், அரசாங்கம் தயார். அவளுடைய முடிவு என்று அதைச் சொல்லத்தான் யாரும் தயாராக இல்லை.

அன்று மாலை சிநேகிதியின் வீட்டுச் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தபோது, எனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்த கேள்வியைக் கேட்டேன். வேண்டாம் என்று தெரிந்தும் எப்படி இப்படி ஆயிற்று? காப்பர்-டி வைத்திருந்தாள், மாதம் முழுவதும் ரத்தப்போக்கு, எடுத்துவிட்டாள். மாத்திரை சாப்பிட்டாள், தலைசுற்றல். நிரோத் என்றால் அவனுக்குப் பிடிக்காது. "வேண்டாம்னு சொல்லக்கூடாதா?" என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க சொல்லுவீங்களாக்கா?"

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை ஆராய்ந்தவர் ஒருவர் அதே ஊரில் பல வருஷம் பேராசிரியராக இருந்தார். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஒரு பகுதியான அச்சுத மேனன் சுகாதார ஆய்வு மையத்தின் டி.கே. சுந்தரி ரவீந்திரன். (எர்ணாகுளம் முகாம்கள் நடந்தபோது முதலமைச்சராக இருந்தவர் இதே அச்சுத மேனன்.) செங்கல்பட்டுப் பக்கத்தில் தலித் கிராமங்களில் 1981இலிருந்து வேலை செய்துவரும் 'ருவ்செக்' என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் அந்த அமைப்பின் பி. பாலசுப்பிரமணியனும் 2001-02இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில், கருக்கலைப்பு செய்துகொண்ட 66 பெண்களிடம் பேசினார்கள். இரண்டு தலைமுறைப் பெண்கள். அவர்களுடைய கணவர்களில் 44 பேரிடமும் பேசினார்கள். கருக்கலைப்பைப் பற்றிக் கணவர்களிடம் போய்க் கேட்ட ஆய்வுகள் நம் நாட்டில் அபூர்வம்.

2004இல் வெளியான அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சங்கடம் இன்னும் போகவில்லை. இளையவர்களோ மூத்தவர்களோ, பெரும்பாலான பெண்கள் கருக்கலைப்பு மேஜைக்கு வந்து சேர்ந்த பாதையின் தொடக்கத்தில் இருந்தது அவர்கள் விரும்பாத உறவு. மறுத்தால் அடி, சந்தேகம், அல்லது வேறொருத்தியிடம் போய்விடுவேன் என்ற மிரட்டல். கல்யாணம் ஆனபின் அது தங்கள் உரிமை, இதில் அவள் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்த ஆண்கள் பலர். இளைய தலைமுறைப் பெண்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காததால் நிலைமை மாறவும் இல்லை. கருவைக் கலைக்க அனுமதி கிடைத்தது, சிலருக்குக் கட்டாயமே படுத்தப்பட்டது. படுக்கையில் வேண்டாம் என்று சொல்லும் உரிமைதான் கிடைக்கவில்லை. கருக்கலைப்பு சட்டப்படி கிடைக்கிற நாட்டில் பெண் சுதந்திரமாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளும் மேல்நாட்டுப் பெண்ணியவாதிகளுக்கும், நம் ஊர் மகளிர் தின மேடைகளுக்கும் சேர்த்துக் கொடுத்த அடி அது.

ஆக, சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம் என்று நிபுணர்கள் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒன்பதாயிரம் சம்பாதிப்பவளுக்கு, அந்த ஒன்பதாயிரத்தில் தன் இஷ்டப்படி ஏழாயிரத்தைச் செலவழிக்க முடிந்திருந்தால் அவள் அயல்கூட்டத்தில் பொய் எழுத வேண்டியதில்லை. வேண்டாம் என்று இரவில் சொல்ல முடிந்திருந்தால் பணமே தேவைப்பட்டிருக்காது.

காசும் வெட்கமும் சேர்ந்து இந்தியப் பெண்களை எங்கே தள்ளுகின்றன என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2015ஆம் வருஷத்தைப் பற்றி 'லான்செட் குளோபல் ஹெல்த்' பத்திரிகையில் வந்த மதிப்பீட்டின்படி, அந்த ஆண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள். அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு, 73 சதவிகிதம், எந்த ஆஸ்பத்திரியின் வாசலையும் மிதிக்காமல் மாத்திரையால் நடந்தவை. மிஃபெப்ரிஸ்டோன் 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. மிஸோப்ராஸ்டால் என்ற இன்னொரு மாத்திரையோடு சேர்த்து ஒன்பது வாரம் வரை கொடுக்கலாம். சரியான அளவில், சரியான வாரத்தில் சாப்பிட்டால் ஆபத்து மிகக் குறைவு. ஒரு தலைமுறைக்கு முன்னால் எருக்கங்குச்சியையும் மருத்துவச்சியையும் நம்பிச் செத்தவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. ஆனால் கடையில் காகிதத்தில் சுருட்டிக் கொடுப்பவன் எத்தனை வாரம் என்று கேட்பதில்லை, எவ்வளவு ரத்தம் போனால் பயப்பட வேண்டும் என்று சொல்வதும் இல்லை. டாக்டர் சீட்டு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. டாக்டரோ புருஷனின் ஒப்பு கேட்கிறார். அவள் கடைக்குப் போகிறாள்.

மற்ற ஏழை நாடுகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். 2010-14 காலத்தில் உலகில் வருஷத்துக்கு இரண்டரைக் கோடி பாதுகாப்பற்ற கருக்கலைப்புகள் நடந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அவற்றில் 97 சதவிகிதம் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய வளரும் நாடுகளில். பக்கத்தில் இலங்கையில், பிரிட்டிஷ்காரன் 1883இல் எழுதிவைத்த சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. நேபாளத்தில் 2002 வரை கருவைக் கலைத்த பெண்கள் சிறையில் இருந்தார்கள், சட்டம் மாறியது. மாறியபின் நடந்ததுதான் சுவாரஸ்யம். மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்த ஓர் ஏழைப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய், ஆறாவது கர்ப்பத்தைக் கலைக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் நேபாள ரூபாய். அவளிடம் இல்லை. திரும்பி வந்து ஆறாவதையும் பெற்றாள். அந்த வழக்கில் 2009இல் நேபாள உச்ச நீதிமன்றம், கட்டணம் கட்ட முடியாதவளுக்கு உரிமை என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதில் அர்த்தமில்லை என்ற நிலையை எடுத்து, ஏழைகளுக்கும் எட்டும்படி செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு என்றது. பிற்பாடு அங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாக்கினார்கள். கேரளத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய செலவில்லை. ஆனாலும் என்னோடு வந்தவள் ஏழாயிரம் கொடுத்தாள். கையெழுத்துக்கும் ஆபரேஷனுக்கும் பதிலாக அவள் கொடுத்த விலை அது.

கல்யாணமாகாதவளின் விலை இன்னும் அதிகம். 2021 திருத்தம் வரும் வரையில், கருத்தடை தவறியதைக் காரணமாகக் காட்டும் வசதி சட்டத்தில் 'மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும்' மட்டுமே இருந்தது. ஹாஸ்டல் பெண்ணும், ஐ.டி. கம்பெனிப் பெண்ணும், துணிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணும் 'மன ஆரோக்கியம்' என்ற பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். கவரிங் தாலி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனவர்களின் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பக்கத்துத் தைக்காட்டில், அநாதையாக விடப்படும் குழந்தைகளுக்காக மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சில் 2002இல் வைத்த 'அம்மத்தொட்டில்' இருக்கிறது. குழந்தையை வைத்ததும் உள்ளே மணி அடிக்கும். அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம், அந்த மணியை அடித்தவர்களில் எத்தனை பேர் முதல் மூன்று மாதத்தில் ஏதாவது ஒரு கதவைத் தட்டிப் பார்த்துத் திரும்பியவர்களாக இருப்பார்கள் என்று யோசித்ததுண்டு.

2021 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தம், 'கணவன்' என்ற இடத்தில் 'துணை' என்று போட்டது. இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், மைனர்கள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்களின் பேரில் 24 வாரம் வரை. 2022 செப்டம்பர் கடைசி வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஒன்று கேரள உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஜி. அருண் கொடுத்தது. கணவன் வீட்டில் கொடுமைக்கு ஆளாகிப் பிரிந்து வந்த இளம்பெண்ணை, விவாகரத்துக்கு ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கருக்கலைப்புக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்று நீதிபதி சொன்னார். மூன்று நாளில் டில்லியில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மணமானவள் ஆகாதவள் என்ற பேதமே கூடாது என்றது. கணவனின் பலாத்காரத்தையும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரையில் பலாத்காரமாகவே கருத வேண்டும் என்றது. சட்டத்தில் இல்லாத குடும்பத்தார் சம்மதம், அந்தப் பத்திரம், இந்தப் பத்திரம் என்று டாக்டர்கள் கேட்கக்கூடாது என்றும் சொன்னது.

படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கணவனின் கையெழுத்து வேண்டாம் என்பது புதிய சட்டம் அல்லவே. 1971லிருந்தே இருக்கிறது. ஐம்பத்தொரு வருஷம் கழித்து ஒரு பெண் உயர்நீதிமன்றம் வரை போய் அதை மறுபடி வாங்கிவர வேண்டியிருந்தது. அந்த இளம் டாக்டரின் பயத்துக்கு எந்தத் தீர்ப்பிலும் மருந்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டுக்குக் குறைந்த பெண் வந்தால் போலீஸுக்குச் சொல்லாவிட்டால் குற்றம், சொன்னால் அந்தப் பெண் அடுத்த முறை வரமாட்டாள். குடித்துவிட்டு வரும் கணவன் வாசலில் நின்றால் காவலுக்கு ஒரே ஒரு வாட்ச்மேன். கருவும் ஓர் உயிர் என்று மனப்பூர்வமாக நம்பி எதிர்ப்பவர்களைக் கேலி செய்யவும் நான் தயாரில்லை; திருவனந்தபுரத்துக் கடலோரத்தில் அப்படி நம்பும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. அவர்களிடமும் நான் கேட்பது, மூன்றாவது குழந்தை பிறந்தால் நாலு வீட்டு வேலையில் எதை அவள் விட வேண்டும் என்பதைத்தான்.

அவளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஓண விடுமுறையில், வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சொன்னபடியே ஆபரேஷன் செய்துகொண்டாள். மார்த்தாண்டத்திலிருந்து அம்மா வந்து பத்து நாள் சமைத்துப் போட்டார். டிஸ்சார்ஜ் ஆன அன்று கணவன் ஆட்டோ கொண்டுவந்தான். ஒரு வீட்டு வேலை போய்விட்டது. அதற்குள் இன்னொன்று பிடித்துவிட்டாள்.

நவம்பரில் மறுபடி போயிருந்தபோது, அவளுடைய அயல்கூட்டத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிப் போனாள். அன்று அவளுடைய கடைசித் தவணை. செயலாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி அவள் பெயரைத் தேடினார். ஜூன் மாதப் பக்கத்தில், அவள் பெயருக்கு எதிரே, மலையாளத்தில் 'ஸ்கூள் செலவு' என்று எழுதியிருந்தது. அதே பக்கத்தில் அதே காரணத்துக்காக இன்னும் ஆறு பேர் கடன் எடுத்திருந்தார்கள். அந்த ஆறில் ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளையே இல்லை என்று திரும்பி வரும்போது அவள் சொன்னாள். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.